நாக்கை நீட்டினால் தெரியும்

நான் செய்கிற கருவியைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "புகை எங்கேங்க?" கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அது புகை இல்லை. மருந்துத் தண்ணீரை மூச்சில் இழுக்கிற அளவுக்குத் துளியாக உடைக்கிற கருவி. துளி எவ்வளவு நுணுக்கமோ, அவ்வளவுக்கு நுரையீரலில் இறங்கும். கண்ணுக்கும் தெரியாது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

நாமக்கல்லில் ஒரு கோழி ஆய்வுக்கூடத்துக்கு, தடுப்பு மருந்தை மூச்சு வழியாகக் கொடுத்துப் பார்க்கக் கண்ணாடிப் பெட்டி கேட்டார்கள். சுற்றிலும் குஞ்சின் தலை நுழைகிற ஓட்டைகள். அதுவரை புதுச்சத்திரத்தில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற கன் ரிப்பேர் பார்த்தவள் நான். முதல் பெட்டியும் பெயிண்ட் கன் மாதிரியே அடித்தது. குஞ்சுகள் எண்ணெய் வைத்துத் தலை சீவின மாதிரி நனைந்து நின்று என்னை முறைத்தன.

இரண்டாவது பெட்டியின் துளியைக் கண்ணாடித் தகட்டில் பிடித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். சரியாக இருந்தது. கொண்டுபோய் வெறும் தண்ணீரில் ஓட்டிக் காட்டினேன். ஆய்வுக்கூடத்தை நடத்துகிற பண்ணை முதலாளி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

"ஒண்ணுமே தெரியலீங்களே அம்மணி. மொதோ பெட்டியில நல்லாத் தெரிஞ்சுது."

"அதுல குஞ்சு தலையெல்லாம் நனைஞ்சுதுங்க."

"எங்க பொண்ணு கல்யாணத்துல மேடையில பொகை உட்டாங்க. மாப்பிள்ளைக்குக் காலே தெரியல. அது மெசினு."

"அப்ப குஞ்சுகளுக்குக் கல்யாணம் பண்ணி வையுங்க."

பக்கத்தில் நின்ற கால்நடை டாக்டர் இருமுகிற மாதிரி சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. "டெம்போவுல ஏத்திக்கிட்டுக் கெளம்புங்க" என்றார். ஏற்றினால் எனக்கு மறுபடியும் பெயிண்ட் கன்தான்.

கேன்டீனுக்குப் போய் உப்பு ஜாடியைத் தூக்கி வந்தேன். டாக்டர், "வாசனையா எதாச்சும் ஊத்திப் பாக்கலாமுங்களே" என்றார். வாசனை துளி இல்லாமலே வந்துவிடும். துளி இல்லாமல் உப்பு வராது. மருந்தே படாத புதுப் பெட்டிதான். உப்புத் தண்ணீரை ஊற்றி கம்ப்ரஸரைப் போட்டேன்.

"நாக்கை நீட்டுங்க."

"ஆரு, நானுங்களா?"

"குஞ்சு உங்களுதுதானுங்களே."

முதலாளி குனிந்து ஒரு ஓட்டையில் நாக்கை விட்டார். டாக்டர் இன்னொன்றில். இருந்த கோபத்தில் நானும் ஒன்றில். கூட்ட வந்த அம்மா கதவைத் திறந்து பார்த்துவிட்டு, விளக்குமாறோடு திரும்பிப் போய்விட்டார்.

முதலாளி நாக்கை எடுத்துச் சப்புக்கொட்டினார். பெட்டியைப் பார்த்தார். மறுபடி நீட்டினார்.

"உப்பு கொஞ்சம் தூக்கலுங்க."

அதோடு விட்டாரா? ஒவ்வொரு ஓட்டையாக நாக்கை விட்டுக்கொண்டே சுற்றி வந்தார். "இந்த மூலையில பத்தலீங்க."

வாய்க்கு வந்ததைச் சொல்லப் போனேன். எதற்கும் அங்கே நானும் நீட்டினேன். பத்தவில்லைதான். உள்ளே துளியை எல்லாப் பக்கமும் பரப்புகிற சின்ன ஃபேன் கோணிக்கொண்டிருந்தது. திருப்பி வைத்தேன். மனிதர் மறுபடி ஒரு சுற்று வந்து, கர்சீப்பில் நாக்கைத் துடைத்தார்.

"இப்ப எல்லாப் பக்கமும் ஒண்ணாட்ட இருக்குதுங்க. மெசினு இங்கயே இருக்கட்டும்."

வெளியே டெம்போ டிரைவர் என் வெறுங்கையைப் பார்த்தார். "என்னங்க்கா, பொகை வந்துருச்சுங்களா?"

"உப்பு சரியா இருந்துச்சாம். வண்டிய எடு."