கெண்டைக்காலில் இருந்த இரும்பு

விதி தெளிவானது. தலையிலோ கழுத்திலோ உலோகம் இருப்பவருக்குக் காந்தச் சிகிச்சை கொடுக்கக்கூடாது; உடலின் வேறு இடத்தில் இருந்தால் வைத்தியரே முடிவெடுக்கலாம். கருவியோடு வந்த கைநூலில் அப்படித்தான் இருந்தது. ஆஸ்பத்திரி நிருவாகத்திலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் அதை நான் வாசித்தேன். ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேறு யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை.

அத்தான், என் அக்காவின் கணவர், மானிப்பாய்ப் பாதையில் பஸ் கொண்டக்டராக இருந்தவர். "மாமி, உந்தப் பலாப்பழத்துக்கும் ரிக்கற் எடுங்கோ, அது சீற்றிலையெல்லோ இருக்குது" என்று யாரையாவது நக்கலடிக்காமல் அவருடைய பஸ் நகராது. அந்த மனிதர் ஓய்வு பெற்றபின் பேச்சை விட்டார். பிறகு குளிப்பை, பிறகு சாப்பாட்டை. மனச்சோர்வு என்றார்கள். மாத்திரைகள் மாறின, அவர் மாறவில்லை. கடைசி வழியாக வைத்தியர் சொன்னது, ஆஸ்பத்திரிக்கு நன்கொடையாக வந்திருந்த அந்தக் கருவி. தலையோடு ஒரு வளையத்தை வைத்து, காந்தத் துடிப்புகளால் மூளையைத் தூண்டுவது. அக்காவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. "பழையபடி என்னோடை சண்டை பிடிச்சாரெண்டால் காணும், தம்பி" என்றாள்.

விண்ணப்பப் படிவத்தில் முதலில் ஒரு கேள்வி: உடலில் உலோகம் உண்டா? அதை எழுதியவர் எங்கள் பக்கம் வந்திருக்கமாட்டார். காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் தோளையோ முதுகையோ தடவிப் பார்த்துக்கொண்டார்கள். அத்தானுக்குக் கெண்டைக்காலில் ஒரு செல் துண்டு, வெடித்த எறிகணையின் சிதறல். சண்டைக் காலத்தில் உடுவில் வீட்டு முற்றத்தில் வாங்கியது. தலைக்கும் கெண்டைக்காலுக்கும் உள்ள தூரத்தை அறிய மருத்துவம் படிக்கத் தேவையில்லை. ஆனால் 'ஆம்' என்று விழுந்த விண்ணப்பம் கொழும்பிலுள்ள ஒரு குழுவுக்குப் போகவேண்டும் என்று அலுவலகம் தனக்கொரு வழக்கம் வைத்திருந்தது. தன் கையெழுத்தே போதும் என்று வைத்தியர் வாதாடிப் பார்த்தார். நானும் விதியைப் பிரதியெடுத்து இணைத்தேன்.

குழு எக்ஸ்ரே கேட்டது, அனுப்பினோம். பிறகு, உடலில் பொருத்தப்பட்ட உலோகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் சான்றிதழைக் கேட்டது. அந்தக் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். மாதக்கணக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லத் திரும்பினார்.

"அதுக்கென்ன தம்பி, செல் அடிச்சவங்களிட்டைக் கேளுங்கோ. ஒரு வருசக் கறண்டிக் காட்டும் வைச்சிருப்பாங்கள்."

அக்கா அடுப்பை விட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்தாள். "என்னப்பா சொன்னியள்? இன்னொருக்காச் சொல்லுங்கோ." அவர் சொல்லவில்லை. ஆனாலும் அவள் சந்தோஷத்தில் அழுதாள். ஆள் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்துவிட்டதே, இனி எழுப்பினால் போதும் என்றாள். குழுக்கள் எப்படிக் கூடும் என்று தெரிந்த நான் அடுத்த கடிதத்துக்குத் தாள் எடுத்தேன்.

செல் துண்டுக்குத் தயாரிப்பாளர் சான்றிதழ் தருவதில்லை என்று மரியாதையாக எழுதினேன். நினைவூட்டல்களும் அனுப்பினேன், பதிவுத் தபாலில். இதற்கிடையில் அத்தான் கஞ்சியையும் மறுத்தார். உடம்பு வற்றி, நெஞ்சில் சளி கட்டி, வார்ட்டில் கண்ணை மூடினார். அந்தச் சிகிச்சை அவரை மீட்டிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன்; எல்லோருக்கும் பலிக்காது என்று கைநூலே ஒப்புக்கொள்கிறது. "ஒருக்கா வைச்சுப் பாத்திருந்தால் கதைச்சிருப்பாரோ?" என்று அக்கா இன்றைக்கும் கேட்கிறாள். கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை.

குழுவின் பதில் ஒரே வரி: ஆட்சேபனை இல்லை, நோயாளியைத் தாமதமின்றி அனுப்பிவைக்கவும். அது வந்து சேர்ந்தது ஒரு புதன்கிழமை, அத்தானின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு மறுநாள்.