பதினொரு ஒன்றுகள்

அருள்மணியைக் கிறுக்கன் என்று சொல்லாதவர்கள் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் குறைவு. சொல்லட்டும். குடிக்காத, சீட்டாடாத, வீட்டில் கைநீட்டாத மனிதர். அவருக்கென்று இருந்தது ஒரே ஒரு எண். அதற்கே கிறுக்கென்றால் டில்லியில் பாதிப்பேரைக் கட்டித்தான் போட வேண்டும்.

சர்க்கார் ஆபீஸில் தபால் பிரிவு குமாஸ்தா. ஒருநாள் எண் குத்தும் மிஷின் சிக்கிக்கொண்டு, தாளில் வரிசையாகப் பதினொரு ஒன்றுகளைக் குத்திவிட்டது. 11111111111. இதை எது வகுக்கும் என்று பார்த்தார். இரண்டு, ஐந்து இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் பதினொன்று, ஆகவே மூன்றும் இல்லை. ஏழும் இல்லை. பி.எஸ்சி. கணக்கைப் பாதியில் விட்டவர் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். எதனாலும் வகுபடாத பகா எண்ணாக இருந்துவிட்டால்? அதைத் தன் கையாலேயே கண்டால், விட்ட படிப்புக்கு அது போதும்.

ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் தீர்ந்தது. அதற்கு மேலே ஒன்று வகுத்தால் அதன் ஜோடி கீழே இருந்தே ஆக வேண்டும். மொத்தம் பத்தாயிரம் வகுத்தல். தினம் ஒன்று, லீவு நாளில் இரண்டு. தரியாகஞ்ச் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பகா எண் பட்டியலை வைத்துக்கொண்டு, விடிந்ததும் டீயோடு உட்காருவார். மீதி வந்தால் தாளைக் கோர்த்துக் கட்டிவிடுவார். முடிந்த ஃபைலை மறுபடி திறப்பது ஆபீஸ் வழக்கமில்லை. வீட்டிலும் அவர் திறந்ததில்லை. கம்ப்யூட்டரைக் கேட்கலாமே என்றவர்களிடம், கேட்டுத் தெரிந்துகொள்ளவா இத்தனை பாடு என்பார்.

இருபத்தோரு வருஷம். ரிட்டயராகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, டில்லிக் கோடியிலுள்ள துவாரகாவுக்கு வாடகைக்கு வந்தபின், போன தை மாதம் கடைசி எண்ணும் மீதி வைத்தது. மனைவி அம்சவேணியைக் கேசரி கிண்டச் சொன்னார்.

ஏர்போர்ட்டில் வேலை பார்க்கும் மகள் கனிமொழி பெருமையோடுதான் போனில் அந்த எண்ணைப் போட்டாள். பிறகு இன்னொரு தடவை போட்டாள்.

"என்னம்மா?"

"இருபத்தோராயிரத்து அறுநூத்தி நாப்பத்தொம்பதால வகுபடுதுப்பா."

"அதைத்தான் எப்பவோ போட்டுட்டேனே."

கட்டை அவிழ்த்துத் தேடினார். ஐந்தாம் வருஷத்துத் தாள். எண்பத்துநாலாயிரத்து நானூற்று முப்பத்தொன்றிலிருந்து 64947-ஐக் கழித்த இடத்தில், 19484 என்று வரவேண்டியதை 19474 என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு பத்து. அது சரியாக இருந்திருந்தால் மீதி பூஜ்யம். அதற்குப் பிறகு போட்ட பதினாறு வருஷமும், ஏழாயிரத்துச் சொச்சம் வகுத்தலும் தண்ணீரில் எழுதியதுதான்.

அம்சவேணி கேசரியை வைத்துவிட்டு, ஆறுவதற்குள் சாப்பிடுங்க என்றாள். அவர் தொடவில்லை.

"பத்தொம்பது ஒன்னு போட்டா அது நெஜமாவே பகா எண்தானாம்பா. இதுலயே இருக்கு."

"அது போன் கண்டுபிடிச்சதும்மா. எனக்கெதுக்கு?"

ஆனாலும் பழக்கம் விடவில்லை. அதைக் கையால் போட்டுப் பார்க்க எத்தனை நாளாகும் என்று மனதிலேயே கணக்குப் போட்டார். லட்சம் வருஷத்துக்கு மேல் வந்தது. அதை இருவருக்கும் சொன்னார். பிறகு, நாளையிலிருந்து காலையில் நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கட்டும் என்று அம்சவேணியைக் கேட்டார்.