முதல் சிரிப்பு நாத்தனாருடையது

என் வீட்டுக்காரருக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. காரணம் கேட்டால் நடந்து நடந்துதான் என்பார். எங்கே நடந்தார்? ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குள், நின்ற இடத்திலேயே. சினிமாவில் கதாநாயகன் மாடிப்படி ஏறினால் அந்தக் காலடிச் சத்தம் இவருடையது. கதாநாயகி கோபத்தில் தட்டை விட்டெறிந்தால், உடைத்தவர் இவர். படம் எடுக்கும்போது சரியாகப் பதிவாகாத சத்தங்களை, பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே செய்து சேர்க்கிற வேலை. அந்த அறையில் ஜல்லி நிரப்பிய பெட்டி, சுவர் இல்லாமல் தனியாக நிற்கும் கதவு, சாக்கு நிறையப் பழைய செருப்பு. ஸ்டுடியோவில் இவருக்குத் ‘தட்டுமுட்டு’ என்றே பெயர். வீட்டுக்கு வந்தால் வாயைத் திறக்க மாட்டார். நாள் முழுக்கச் சத்தம் போட்டவருக்கு மிச்சம் இருக்காதாம். மருந்துக்கடையில் காலையிலிருந்து நின்றுவிட்டு வருகிற எனக்கு மட்டும் மிச்சம் இருக்கிறதா என்ன?

இவருடைய அக்காவுக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் போனது. அதனால் பேச்சும் வரவில்லை. அக்காவும் தம்பியுமாகச் சேர்ந்து கையாலேயே ஒரு பாஷை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் முக்கால்வாசி புரியும். என்னைப் பற்றிப் பேசினால் முழுசாகவே புரியும். நாத்தனார் துணி ஆலையில் தறி ஓட்டுகிறார். அங்கே ஓடுகிற தறிகளின் இரைச்சலில் எல்லாருமே செவிடுதான் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் பாதிப் பேருக்கு அந்தக் கைப்பாஷை அத்துப்படி. அந்த ஆலையைத் தாண்டி வெளியே வந்தால்தான் அவருக்குக் கஷ்டம்.

தம்பிக்கு அக்கா இல்லாமல் தொழில் ஓடாது. எந்தப் படம் வந்தாலும் முதலில் சத்தமில்லாமல் அக்காவுக்குப் போட்டுக் காட்டுவார். படத்தைப் பார்க்க மாட்டார், அக்கா முகத்தைப் பார்ப்பார். “அக்கா நெத்தி சுருங்குச்சுன்னா அங்க ஒரு சத்தம் போட்டே ஆகணும். அக்காவுக்கே புரிஞ்சிடுச்சுன்னா நான் கைய கட்டிக்கிட்டு நிக்கலாம்” என்பார். இதை ஸ்டுடியோவில் யாரிடமும் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வருவார். அக்காவும் தம்பியும் பழைய மௌனப்பட நகைச்சுவைத் துண்டுகளைப் போட்டுப் பார்ப்பார்கள். தோளில் ஏணியைச் சுமந்துகொண்டு ஒருவன் திரும்புவான், பின்னால் இருக்கிற போலீஸ்காரர் தொட்டியில் விழுவார். தூக்கிவிட வந்தவனும் விழுவான். நடுநடுவே இரண்டு வரி எழுதிய அட்டை வரும், அவ்வளவுதான் வசனம். கல்யாணமான புதிதில் எனக்கு எரிச்சலாக வந்தது. அடிபட்டு விழுகிறவனைப் பார்த்து என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது?

கொஞ்ச நாள் போன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. நாத்தனார் எங்கே இருந்தாலும் கடைசியாகத்தான் சிரிப்பார். கல்யாண வீட்டிலோ பேருந்திலோ யாராவது எதையாவது சொல்லி எல்லாரும் சிரித்தால், அவர் சுற்றி இருக்கிற முகங்களைப் பார்த்துவிட்டு, ஒரு மூச்சு பிந்தி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரிப்பார். பொத்துவதற்கும் காரணம் உண்டு. அவருடைய உண்மையான சிரிப்பு தொண்டையிலிருந்து குப்பென்று கிளம்பி, ஏறி, இறங்கி, வீட்டையே ஒரு உலுக்கு உலுக்கும். எவளோ ஒருத்தி ஒருநாள் திரும்பிப் பார்த்து முகம் சுளித்திருக்கிறாள். அன்றோடு வெளியே வாய் மூடிவிட்டது. அவள் நாசமாய்ப் போக.

ஆனால் எங்கள் வீட்டில், தொலைக்காட்சிக்கு முன்னால் போட்ட முக்காலியில் உட்கார்ந்தால், அவர்தான் முதலில் சிரிப்பார். ஏணி திரும்பும் முன்பே தோள் குலுங்கும். பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் இவரும் நானும் எங்கள் மகளும் அதைப் பார்த்துத்தான் “ஓகோ, ஏதோ வரப்போகுது” என்று தயாராவோம். வாரம் முழுக்க மற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சிரித்தவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்தம்.

அதில் மண்ணைப் போட்டவர் என் வீட்டுக்காரர்தான்.

ஒரு தொலைக்காட்சிக்காரன் அந்தப் பழைய படங்களை மொத்தமாக வாங்கி, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சத்தம் சேர்க்கச் சொல்லி இவரிடம் வந்தான். இவருக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா எங்கெங்கே சிரிப்பார் என்று மனப்பாடமாகத் தெரிந்தவர். அந்தந்த இடத்தில் வாளி, தகரம், ஈரத்துணி மூட்டை என்று வலிக்கிற முட்டியோடு விழுந்து விழுந்து வேலை செய்தார். அக்காவிடம் கையால், “உன் சிரிப்புக்கு நான் சத்தம் செஞ்சிருக்கேன்” என்றார். காது கேட்காத அக்காவுக்கு இவர் கொண்டுவந்த பரிசைப் பாருங்கள்! நாத்தனார் தம்பியின் கன்னத்தைக் கிள்ளினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை படம் ஓடியது. இவர் சத்தத்துக்கு மேலே, தொலைக்காட்சிக்காரன் சேர்த்துவிட்ட எவனோ ஒருத்தன் விடாமல் பேசிக்கொண்டே இருந்தான். “மச்சான், ஏணி வருது, குனிடா! இவன் மண்டை என்ன, மாமியார் வீட்டுக் கதவா?” அட்டைகளை எல்லாம் வெட்டி எறிந்திருந்தார்கள். இவர் தன்னுடைய வாளிச் சத்தம் சரியாக விழுகிறதா என்று கேட்பதிலேயே குறியாக இருந்தார். என் மகள் சிரித்தாள். சிரிப்பு வந்தது, நானும் சிரித்தேன்.

திரையில் அப்போது ஒருவன் தெருவில் சும்மா நடந்துகொண்டிருந்தான்.

நாத்தனார் திரும்பினார். மகள் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கல்யாண வீட்டுச் சிரிப்பு. இவர் அதைப் பார்த்துவிட்டார். பாய்ந்து போய்ச் சத்தத்தை நிறுத்தினார். நிறுத்தி என்ன பயன்? அட்டை இல்லாமல் படம் தத்தித் தத்தி ஓடியது. முடிந்ததும் நாத்தனார் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று கையைக் காட்டிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

மறுநாள் இவர் தொலைக்காட்சிக்காரனிடம் போய்க் கத்தியிருக்கிறார். “அட்டையெல்லாம் இப்ப யாருங்க படிக்கிறாங்க?” என்று அவன் கேட்டானாம். இவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வரவில்லை. ஆலையில் வேலையாம். அதற்கடுத்த ஞாயிறு இவரே நொண்டிக்கொண்டு போய் அழைத்துவந்தார். பழைய மௌனப் படத்தையே போட்டார். நாத்தனார் முக்காலியைச் சற்று நகர்த்தி, எங்கள் முகம் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் போட்டுக்கொண்டார்.

போலீஸ்காரர் தொட்டியில் விழுந்தார். எத்தனையோ தடவை முதல் ஆளாகச் சிரித்த இடம் அது. நாத்தனார் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவசரமாகச் சிரித்தோம். மகள் முந்திக்கொண்டு, நான் பிந்தி, கேட்கவே சகிக்கவில்லை. அவர் வாயைப் பொத்தினார். கையை எடுத்ததும் தம்பியைப் பார்த்து, சைகையில் கேட்டார்: “சரியான இடத்துல சிரிச்சேனா?”

இவர் படத்தை நிறுத்தினார். அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“எந்திரிங்க. கட்டிலத் திருப்பு.”

“எதுக்குங்க? நின்னு நின்னு காலே வீங்கிக் கெடக்குது எனக்கு.”

“திருப்புன்னா திருப்பு.”

நானும் மகளும் கட்டிலை இழுத்துத் திருப்பினோம். மூன்று பேரும் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, ஓதம் ஏறிய சுவரைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தோம். நாத்தனார் எழுந்து எங்களுக்கு முன்னால் வந்து, நெற்றிப்பொட்டில் விரலைச் சுழற்றினார். பைத்தியமா பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

இவர் கையால் சொன்னார். “நீ பாரு. நாங்க பாக்கல. நீ சிரிச்சாத்தான் எங்களுக்குத் தெரியும்.”

அவர் தம்பியையே பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் போனார். முக்காலி இழுபடும் சத்தம் கேட்டது. படம் மறுபடி ஓடத் தொடங்கியிருக்க வேண்டும், சத்தமில்லாத படம், எங்களுக்கு என்ன தெரியும்? மின்விசிறி கிறீச்சிட்டது. ஏணி எப்போதோ திரும்பியிருக்கும். போலீஸ்காரர் எப்போதோ விழுந்திருப்பார். ஒன்றும் வரவில்லை. இனிமேல் வராது என்றே எனக்குத் தோன்றிவிட்டது. அவ்வளவு அலுப்பாக இருந்தது, எல்லாவற்றின் மேலும்.

அப்போது கிளம்பியது. குப்பென்று தொண்டையிலிருந்து, ஏறி, இறங்கி, மறுபடி ஏறி.

எதற்குச் சிரிக்கிறார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியாது. இன்றுவரை தெரியாது. ஆனாலும் சிரித்தோம். ஈரச் சுவரைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நாங்கள் சிரிப்பது அவருக்குக் கேட்காது. எங்கள் தோள் குலுங்குவது பின்னாலிருந்து தெரிந்திருக்கும்.

இவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையைச் சாய்த்து, அந்தச் சிரிப்பையே கேட்டுக்கொண்டிருந்தார்.

“பொத்தல” என்றார் என்னிடம். “வாயில கை இல்ல. எனக்குத் தெரியும்.”