ஆதாரம் இல்லாத பக்கம்

இணையத்தில் தமிழ்க் கட்டுரைகளைச் சேர்த்து வைக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தை நான் நடத்துகிறேன். இன்ஜினியரிங் படித்து, நல்ல கம்பெனி வேலையையும் விட்டுவிட்டு இதற்கு வந்தவள். நீலகிரியில் எங்கள் ஊரான அரவேணுவில் சொந்தக்காரர்களுக்கு நான் பார்ப்பது என்ன வேலை என்று இன்றுவரை பிடிபடவில்லை. அப்பாவுக்கு மட்டும் பிடிபட்டது. எந்த அளவுக்கு என்பது அவர் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்பா அங்கே ஒரு சின்ன தேயிலை ஃபேக்டரியில் டீமேக்கர். எந்த இலையை எடுப்பது, எதைத் திருப்புவது, எவ்வளவு நேரம் வாட்டுவது எல்லாம் அவர் சொல்தான். தேயிலை விலை விழுந்த வருஷம் பறிகூலிக்கே கட்டவில்லை. ஆட்களை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் பின்னாலிருந்த எங்கள் துண்டுத் தோட்டத்தில் அம்மாவே பறித்தாள். ஒருத்தியால் எவ்வளவு முடியும்? பறிக்கும் நாள் தள்ளிப்போய் இலை முற்றிவிட்டது. கல்லூரி விடுமுறையில் வந்திருந்த நானும் அம்மாவும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஃபேக்டரிக்குப் போனோம்.

அப்பா ஒரு கை அள்ளினார். ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தார். "இது ஆகாதுங்க. திருப்பிக் கொண்டு போயிருங்க" என்றார், யாரோ எவரோ போல, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், தன் பெண்டாட்டியிடம். அம்மா வழியெல்லாம் அழுதாள். மூட்டையைப் பள்ளத்தில் கொட்டினோம். நான் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததில் எனக்கு அப்படி ஒரு திருப்தி.

அடுத்த வருஷம் ஃபேக்டரியை மூடினார்கள். மெஷின்கள் பழைய இரும்புக்குப் போயின. கொஞ்ச நாளில் கூரைத் தகரமும் போயிற்று. இத்தனை வருஷம் அப்பாவின் நெஞ்சில் படிந்திருந்த தேயிலைத் தூசி இருமலாக வர ஆரம்பித்தது.

நிறுவனத்துக்குத் தலைமை ஏற்றதும் நான் போட்ட முதல் சட்டம், அச்சில் வந்த ஆதாரம் இல்லாத எந்தப் பக்கமும் நிற்கக் கூடாது என்பது. ஜோசியக்காரர்களும் சாதிச் சங்கத்தாரும் கண்டதையும் எழுதிக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லை. புதுப் பக்கங்கள் குவியும். நான் ஒவ்வொன்றின் அடியை மட்டும் பார்ப்பேன். அங்கே ஆதாரப் பட்டியல் காலி என்றால் மேலே படிப்பதே இல்லை. வேலைக்கு வரும் எல்லோருக்கும் அப்படித்தான் கற்றுக்கொடுத்தேன். நீக்கியவுடன் போகும் அறிவிப்பும் என் கைவண்ணம்தான்: "அச்சிட்ட ஆதாரம் இல்லாததால் தங்கள் பக்கம் நீக்கப்பட்டது. தங்கள் அனுபவம் ஆதாரமாகாது." கீழே என் பெயர் இருக்கும்.

'மலைக்காரன்' என்ற பெயரில் ஒருவர் 'ஒரு டீ ஃபேக்டரியின் கதை' என்று ஒரு பக்கம் போட்டார். அடி காலி. நீக்கினேன். மறு வாரமும் போட்டார், நீக்கினேன். மூன்றாவது முறை எரிச்சல் வந்து, இனி எழுதவே முடியாதபடி அந்த ஆளைத் தடை செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அப்பா கேட்டார்: "ஏன் அம்மணி, புஸ்தகத்துல வராததுக்கு உங்க கம்ப்யூட்டர்ல எடமே இல்லையா?"

"இல்லைப்பா. விட்டா குப்பைதான் சேரும்."

"அதுவுஞ் சரிதான்" என்றார். இருமல் வந்துவிட்டது. ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். காரியத்தன்று கோத்தகிரியில் பிரவுசிங் சென்டர் வைத்திருப்பவர் வீட்டுக்கு வந்தார். "ஏனுங்கக்கா, அய்யா வாராவாரம் பஸ் ஏறி நம்ம கடைக்கு வருவாருங்க. ஒத்தை விரல்ல தட்டித் தட்டி எழுதுவாருங்க. ஃபேக்டரி இருந்த எடத்துல ஒண்ணுமே இல்ல, எங்கியாச்சும் எழுதியாச்சும் இருக்கோணும்னு சொல்லுவாருங்க" என்று ஒரு தாளைக் கொடுத்தார். மலைக்காரனுக்கு நான் அனுப்பிய அறிவிப்பின் பிரிண்ட். மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது.

"கீழ உங்க பேரைப் பாத்துட்டு, மகளுக்கு ஒரு ஃபோன் போடுங்கன்னேனுங்க. 'அவ சரியாத்தான் பண்றா. இலை ஆகலைன்னா திருப்பித்தான் விடோணும்'னாருங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நீக்கிய பக்கங்கள் வெளியே தெரியாதே தவிர, எங்கள் நிறுவனக் கம்ப்யூட்டரில் அழியாமல் இருக்கும். கோவையில் எங்கள் ஆபீஸுக்கு வந்ததும் அப்பாவின் பக்கத்தை எடுத்து முதன்முறையாக மேலிருந்து படித்தேன். உருட்டிய இலை செம்பு நிறத்துக்கு மாறும்போது எப்படி மணக்கும் என்று எழுதியிருந்தார். கூட வேலை செய்தவர்கள் பெயரையெல்லாம் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: "ஒருமுறை என் வீட்டு இலையையே திருப்பி அனுப்பினேன். முற்றின இலைதான். ஆனாலும் அன்றைக்கு ஒரு நாள் எடுத்திருக்கலாம்." நான் வாய்விட்டு அழுதேன்.

நான் வைத்த சட்டத்தை நானே மீறி அந்தப் பக்கத்தை என் பெயரில் மறுபடி போட்டேன். ஆதாரம் என்ற இடத்தில் எழுத என்னிடமும் எதுவும் இல்லை. நான்காம் நாள் பக்கம் காணோம். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் நீக்கியிருந்தாள். அடியை மட்டும் பார்த்திருப்பாள். தங்கள் அனுபவம் ஆதாரமாகாது என்று எனக்கும் அறிவிப்பு வந்திருந்தது.

அவள் சரியாகத்தான் செய்தாள். அப்பா என்னைப் பற்றிச் சொன்ன அந்த வார்த்தையை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.