எழுந்து போகும்போது ஈமெயிலை மூடிவிட்டுப் போங்கள்

நெட் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு முதல் பாடம், அடுத்தவர் திரையை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது. நான் அதில் ஏழு வருசமும் ஃபெயில். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் எங்கள் கொமியுனிகேஷன் கடை இருந்தது. ஒரு போட்டோகொப்பி மெஷின், இரண்டு போன், ஐந்து கொம்பியூட்டர், அத்தனைக்கும் நான் ஒருத்தி. அந்தக் கொம்பியூட்டர்களில் தமிழ் எழுத்து வராது. எல்லாரும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பார்கள். பிள்ளை போனைப் பார்த்துத் தனியாகச் சிரித்தால் உங்களுக்கு எட்டிப் பார்க்கத் தோன்றுகிறதா? அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். கேளுங்கள்.

லவ் கிங்

சிவகுமார் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பிள்ளை. கண்டியில் தங்கிக் கணக்கியல் படித்தான். எவருடைய உதவியும் இல்லாமல் தானே ஈமெயில் திறந்துகொண்டதில் அவனுக்குப் பெரிய பெருமை. அதற்கு வைத்த பெயர் ‘லவ் கிங் சிவா’. கொழும்பில் ஒரு கம்பெனிக்கு அந்தப் பெயரிலிருந்தே வேலை விண்ணப்பம் அனுப்பப் போனான். “தம்பி, வேற மெயில் ஒண்ணு திறந்து தர்றேன், கொஞ்சம் பொறுங்க” என்றேன். “என்னைய பாத்துத்தானே எடுப்பாங்க, மெயில பாத்தா எடுப்பாங்க?” என்று அனுப்பியே விட்டான்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. திறந்து படித்தவன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் என் மேசைக்கு வந்து நின்றான். “அக்கா, இன்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஆனா ‘அன்புள்ள மிஸ்டர் கிங்’னு போட்டிருக்காங்க. நான் போய் என்ன பேர சொல்றது?”

வேண்டாமும் வேணாமும்

தர்ஷினி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஆசிரியர் பயிற்சிக்குக் கண்டிக்கு வந்திருந்தாள். யுத்தத்தில் யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்டதால் ஊருக்குப் போக வழியில்லை. அவளுக்கு நிச்சயம் செய்திருந்தவர் லண்டனில். அவருடைய மெயில்தான் அவளுக்கு வாரம் முழுக்கப் பேச்சுத்துணை. ஒருநாள் பஸ் போய்விடும் என்று ஓடினவள் மெயிலை மூட மறந்துவிட்டாள். அடுத்து அதே கதிரையில் உட்கார்ந்தவன் ரொஷான், டியூஷன் மாணவன். விளையாட்டுக்கு, ‘எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம், இனிமே மெயில் போடாதீங்க’ என்று லண்டனுக்கு அடித்துவிட்டான்.

இரண்டு நாள் லண்டனிலிருந்து ஒரு வரிகூட இல்லை. மூன்றாம் நாள், அனுப்பிய மெயில்களைத் திறந்து பார்த்தவள் “நான் இப்பிடி எழுதேல்லை அக்கா” என்று அழுதாள். அவளுக்குப் பிறகு யார் உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியும். ரொஷானைக் கூப்பிட்டேன். முகம் வெளுத்துப்போய் ஒத்துக்கொண்டான். சொந்தப் பெயரைப் போட்டு லண்டனுக்கு மன்னிப்புக் கேட்டு எழுத வைத்தேன். அவள் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்கத்தான் அவனுக்கு அதைவிட நேரம் எடுத்தது. அடுத்த நாள் வந்த பதிலைத் தர்ஷினி எங்கள் இருவருக்கும் சத்தமாக வாசித்தாள். “தம்பி ரொஷான், தர்ஷினி யாழ்ப்பாணத்து ஆள், கோவத்திலயும் ‘வேண்டாம்’ எண்டுதான் எழுதுவா, ‘வேணாம்’ எண்டு எழுதமாட்டா. எனக்கு அப்பவே சந்தேகம்தான், ஆனாலும் ரெண்டு நாள் நித்திரை வரேல்லை.”

இருபடிச் சமன்பாடு

ஸஹ்ரா அக்குறணையிலிருந்து சனிக்கிழமை வகுப்புக்கு வருவாள். கணக்கில் கெட்டிக்காரி. செட்டில், அதாவது இன்டர்நெட் அரட்டையில், ஒருவன் பழக்கமானான். பெயர் இம்ரான், வயது பதினாறு, கணக்கு ஓடவில்லை என்று சொல்லியிருந்தான். இவளும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு அவன் எந்த ஸ்கூல் என்று கேட்டான், எந்த பஸ் என்று கேட்டான், போட்டோ கேட்டான். கடைசியில், மணிக்கூட்டுக் கோபுரத்தடிக்குத் தனியாக வா, வீட்டில் சொல்லாதே, நீலத் தொப்பி போட்டிருப்பேன் என்றான்.

நல்ல காலம், போகவா என்று என்னிடம் கேட்டாள். “உம்மாகிட்ட சொல்லுங்க, அப்புறம் மூணு பேருமா போவோம்” என்றேன். பத்து நிமிசம் யோசித்துவிட்டுத்தான் போனை எடுத்தாள். அவள் உம்மா திட்டவில்லை. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். கோபுரத்துக்கு எதிரே ஒரு கடையின் மாடி ஜன்னலில் நின்று பார்த்தோம். நீலத் தொப்பி நின்றது. அதன் கீழே நரைத்த தலை. போகிற வருகிற பிள்ளைகளின் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. உம்மா விறுவிறுவென்று கீழே இறங்கிப்போய் அந்த ஆளுக்கு முன்னால் நின்று ஏதோ கேட்டார். அவன் சனத்துக்குள் புகுந்து மறைந்தான். பயத்தில் என் கையைப் பிடித்திருந்த ஸஹ்ராவுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. “அக்கா, ரெண்டு மாசமா இந்த ஆளுக்கா நான் இருபடிச் சமன்பாடு சொல்லிக் குடுத்தேன்?”

குண்டு

எங்கள் கடைக்கு வருகிற ரவிக்கு அத்தை மகள் வசந்தி கொஞ்சம் பருமன். வீட்டில் செல்லமாகக் ‘குண்டு’. அன்று அவள் அவனுடைய சேர்டிபிகேட்டை ஊரிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ரவி ஊரிலிருந்த தன் அண்ணனுக்குச் செட்டில் அடித்தான்: ‘குண்டு கிளம்பிருச்சா? கண்டிக்கு எத்தன மணிக்கு வரும்?’ அந்த நேரம் பார்த்து அடையாள அட்டை பார்க்கப் பொலிஸ் ஏறி வந்தது. வந்த அதிகாரி வடக்கில் வேலை செய்தவர். தமிழில் சில சொற்கள்தான் தெரியும்; அதில் முதல் சொல் ‘குண்டு’, வெடிக்கிற குண்டு. திரையை எழுத்துக் கூட்டி வாசித்தார். கடையில் எல்லாக் கையும் நின்றுவிட்டது.

நான் சிங்களத்தில் விளக்கினேன், இது ஒரு பெண் பிள்ளை ஐயா, உடம்பு கொஞ்சம் பருமன் என்று. “அப்படியென்றால் வரட்டும்” என்று கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம். ரவியின் நெற்றி வியர்வை கீபோர்டில் சொட்டியது. கடைசியில் மாடிப்படியில் மூச்சு வாங்குகிற சத்தம். சோற்றுப் பார்சலும் கையுமாக வசந்தி. அதிகாரி அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பையைச் சோதித்தார். பிறகு மீசைக்குள் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். அவர் தெருவைத் தாண்டும்வரை நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ரவி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டான். முழுக் கதையும் கேட்ட வசந்தி பார்சலை அவன் முன்னால் பொத்தென்று வைத்தாள். “எனக்கு வசந்தின்னு ஒரு பேரு இருக்குல்ல? அத அடிச்சிருந்தா இந்நேரம் சாப்பிட்டு முடிச்சிருப்ப!”

ஏழு வருசத்தில் அந்த ஐந்து கொம்பியூட்டரும் எத்தனையோ தடவை பழுதாகித் திருத்தியாயிற்று. அனுப்பிவிட்ட ஒரு வரியைத் திருத்தித் தர மட்டும் எந்த மெக்கானிக்கும் எங்கள் மாடிப்படி ஏறி வரவில்லை.