பெட்டிக்காட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை

நாங்கள் மெல்பேர்னின் வடக்கு ஓரத்தில், கிரெய்கிபர்னில் வீடு வாங்கிய காலத்தில் எங்கள் தெருவோடு ஊர் முடிந்துவிடும். பின்வேலிக்கு அப்பால் செம்மறியாடுகள் மேயும் வெட்டவெளி. அதன் மறுகரையில், கம்பிவேலிக்குள், சாம்பல் நிறத்தில் ஒரு சிறு காடு. நுழைவாயிலில் கவுன்சில் நட்டிருந்த பலகையில் மரத்தின் பெயர் 'கிரே பொக்ஸ்' என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

"பொக்ஸ் எண்டா பெட்டியெல்லோ? மரத்துக்கு ஆர் பெட்டியெண்டு பேர் வைச்சது?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது பெட்டிக்காடு ஆகிவிட்டது.

பிறகு விளக்கம் சொன்னவர் பக்கத்து வீட்டுக்காரர். எழுபதைக் கடந்த வெள்ளைக்காரர். மனைவி இறந்தபின் ஒரு கிழட்டு நாயோடு தனியாக இருந்தார். எங்கள் வீடுகள் நின்ற நிலமெல்லாம் ஒரு காலத்தில் அவருடைய குடும்பத்தின் பண்ணை. இங்கிலாந்தில் பொக்ஸ் என்றொரு சிறுமரம் உண்டாம், அதன் கட்டை கல்லைப்போல இருக்குமாம். இங்கே வந்து இறங்கியவர்கள் இந்த மரத்தை வெட்டிப் பார்த்துக் கோடரி மழுங்கியதும் அதே பெயரை இதற்கும் வைத்துவிட்டார்கள். உண்மையில் இது யூக்கலிப்டஸ் இனம். அடிமரம் முழுவதும் கரடுமுரடான சாம்பல் பட்டை, மேலே போகப்போகக் கிளைகள் வழுவழுப்பாக வெளுத்திருக்கும். ஒருகாலத்தில் அந்தச் சமவெளி எங்கும் இதுதான் நின்றதாம். வேலிக்கட்டைக்கும் விறகுக்கும் வெட்டித் தீர்த்து, மிஞ்சியது இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில துண்டுகள். அதனால்தான் வேலி, பலகை, சட்டம் எல்லாம். விழுந்த கிளையைக்கூட எடுத்துவரக் கூடாது.

"வெட்டினவர்களில் என் பாட்டனும் ஒருவர்" என்றார் அவர். அதை அவர் மறைக்கவில்லை.

அம்மா மெல்பேர்னுக்கு வந்து அப்போது நாலைந்து வருடமாகியிருந்தது. எண்பத்து நான்கில் நான் படிக்க வந்தவன். அதற்கு முந்திய வருடம் கொழும்புக் கலவரத்தில் எங்களுக்கு நடந்ததற்குப் பிறகு, அப்பா இருந்ததையெல்லாம் விற்று என்னை அனுப்பினார். என்னைவிட நான்கு வயது இளைய தம்பி பின்னால் வருவதாக ஏற்பாடு. எனக்கு வேலையும் வதிவுரிமையும் கிடைத்ததும் அவனுக்கு வேண்டிய கடிதங்களையெல்லாம் அனுப்பினேன். விசா நேர்முகத்துக்காக அவன் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வெளிக்கிட்டான். வவுனியாவுக்குக் கிட்ட பஸ்சை மறித்து, இளைஞர்களாகப் பார்த்து இறக்கினார்களாம். பஸ் போய்விட்டது. அவன் போகவில்லை. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அப்பா எங்கெங்கோ அலைந்து, இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார்.

என் வீட்டில் தம்பியின் பெயரை யாரும் சொல்வதில்லை. அம்மா கவலைப்படுவார் என்று நானும் மனைவியும் சொல்லவில்லை. நாங்கள் கவலைப்படுவோம் என்று அம்மா சொல்லவில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மாவுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. வேலிக்கு மேலாலே அவர் எலுமிச்சம்பழம் நீட்டுவார், அம்மா கத்தரிக்காய் நீட்டுவார். ஒரு சனிக்கிழமை நானும் அருகில் நின்றபோது, அவர் தன் நாயைக் காட்டுக்குள் கூட்டிப்போவதையும் அங்கே அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் சீட்டியடித்தே கூப்பிடுவதையும் அம்மா கவனித்ததாகச் சொன்னார். ஏன் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.

அவர் முதலில் சிரித்தார். பிறகு நாயைத் தடவிக்கொண்டே சொன்னார். அவருடைய பாட்டனின் தாய் காலத்தில் மரம் பிளக்க வந்த ஒரு குடும்பம் காட்டோரத்தில் கூடாரம் போட்டிருந்தது. அவர்களுடைய ஐந்து வயதுப் பெண்பிள்ளை ஒருநாள் மரங்களுக்குள் போய்விட்டாள். தாய் நாட்கணக்கில் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள். அப்படிக் கூப்பிட்டதில் காடு அந்தப் பெயரைப் பழகிக்கொண்டதாம். தாய் கிழக்கே நின்று கூப்பிட்டால் காடு மேற்கே நின்று கூப்பிடும். பிள்ளை எந்தப் பக்கம் போவாள்?

"அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து ஆட்கள் அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கையைத் தட்டுவோம், இல்லையென்றால் சீட்டி. நான் இதை நம்புகிறேன் என்று நினைக்காதே. ஆனாலும் கூப்பிட மாட்டேன்."

பிறகு, "இது எங்கள் ஆட்களின் கதை. எங்களுக்கு முன்னால் இங்கே இருந்த சனங்களுக்கு அந்தக் காட்டைப் பற்றி வேறு கதைகள் இருக்கும். அதை நாங்கள் கேட்டுவைக்கவில்லை" என்றும் சொன்னார்.

நான் எல்லாவற்றையும் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தப் பிள்ளை கிடைச்சதோ?"

பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அம்மா கத்தரிக்காய்க் கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு அம்மா பகலில் நடக்கப் போகத் தொடங்கினார். நான் நகரத்தில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைபட வேலை. மனைவி ஆஸ்பத்திரியில் தாதி, ஷிப்ட் மாறிமாறி வரும். அம்மாவின் சீனி வியாதிக்கு நடை நல்லது என்று டொக்டரும் சொல்லியிருந்ததால் எங்களுக்குச் சந்தோஷம். எங்கே நடக்கிறார் என்று நாங்கள் கேட்கவில்லை. சப்பாத்தில் சேறு இருக்கும், சேலைக் கரையில் புல்முள் ஒட்டியிருக்கும். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

குளிர்காலத்தில் ஒருநாள், பின்னேரம் நாலு மணி இருக்கும், மனைவி அலுவலகத்துக்குப் போன் எடுத்தாள்.

"மாமியைக் காணேல்லை. நான் மூண்டரைக்கு வந்தனான், கதவு சும்மா சாத்திக் கிடக்குது. நான் வைச்சிட்டுப் போன மத்தியானச் சோறு அப்படியே கிடக்குது. நீங்கள் உடன வெளிக்கிட்டு வாங்கோ."

நான் போய்ச் சேரும்போது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் காட்டின் வாசலில் நாயோடு நின்றார். காலையில் அம்மா வெட்டவெளியைக் கடந்து போனதை அவர் கண்டிருந்தார், திரும்பி வந்ததைக் காணவில்லை. இரண்டு பொலிஸ்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஓர் இளம்பெண் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, வயது, உடை, நோய்கள் எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் பெயரைக் கேட்டாள். சொன்னேன். எழுத்துக் கூட்டியும் சொன்னேன்.

"சரி, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நான்கு பக்கமும் போவோம்" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். ஏன் என்று அவர் விளக்கவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவருடைய காரணத்தை அந்த நேரத்தில் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் வேறொரு காரணம் இருந்தது.

"பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவ திரும்பியும் பார்க்க மாட்டா. அப்படிக் கூப்பிடக்கூடியவர்கள் எல்லாரும் எப்போதோ செத்துப்போய்விட்டார்கள்" என்றேன்.

அதுவும் உண்மைதான். பொலிஸ்காரர்கள் விசிலோடு ஒரு பக்கம் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தகரமூடியைத் தடியால் தட்டிக்கொண்டு இன்னொரு பக்கம் போனார். மனைவி வாசலில் நின்றாள். நான் நடுவால் போனேன்.

உள்ளே போனபின்தான் அந்தக் காடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. எல்லா மரமும் ஒரே மரம்போல நின்றது. விழுந்த கிளைகள், முழங்காலளவு புல், மேற்கிளைகளில் உரிந்து தொங்கும் பட்டைகள். அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. இருபது வருடமாக இந்த நாட்டில் நான் வீட்டுக்கு வெளியே தமிழில் குரலை உயர்த்தியதே இல்லை. இரண்டாம் தரம் மெதுவாக வந்தது. மூன்றாம் தரம் முழுக்குரலில் கத்தினேன்.

"அம்மா!"

தகரச் சத்தம் நின்றது. தூரத்தில், நான் நினைத்த திசையில் இல்லை, இடது பக்கத்தில், அம்மாவின் குரல் கேட்டது.

"ஓம் ராசா. நில்லு, வாறன். அசையாதை, அம்மா வாறன்."

என்னோடு அவர் அப்படிக் கதைத்து எத்தனையோ வருடமாகிவிட்டது. நான் இன்னொரு தரம் அம்மா என்றேன். புல்லை மிதித்துக்கொண்டு அவர் ஓடிவரும் சத்தம் கேட்டது. அறுபத்தெட்டு வயது, முழங்கால் வாதம், ஒரு காலில் சப்பாத்தில்லை. மரங்களுக்கு நடுவிலிருந்து இரண்டு கையையும் நீட்டியபடி வெளியே வந்தவர், என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். கைகள் மெல்லக் கீழே இறங்கின.

"நீயோ" என்றார்.

தம்பிக்கும் எனக்கும் ஒரே குரல். ஊரில் இருந்தபோது இருட்டில் எங்களில் யார் பேசுகிறோம் என்று அப்பாவுக்கே தெரியாது. அந்தக் கணத்தில் அம்மாவின் முகத்தில் நான் பார்த்ததை இதுவரை மனைவிக்கும் சொன்னதில்லை. நான் உயிரோடு இருக்கிற பிள்ளை. என்னைக் கண்டதில் அவருக்கு ஏமாற்றம். அதற்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் சப்பாத்தைக் கழற்றி அவருடைய காலில் மாட்டிவிட்டேன்.

வழி தவறிவிட்டதா என்று கேட்டேன்.

"ஓம், இண்டைக்குக் கொஞ்சம் உள்ளுக்குப் போயிட்டன்" என்றார்.

"ஒவ்வொரு நாளும் இஞ்சதான் வாறனீங்களோ?"

"ஓம்."

"வந்து என்ன செய்யிறனீங்கள்?"

கொஞ்சத் தூரம் நடந்தபின்தான் பதில் வந்தது. "பேர் சொல்லிக் கூப்பிட்டால் இந்தக் காடு பழகிக்கொள்ளுமெண்டு அந்த மனுசன் சொன்னதெல்லோ. நான் இருக்குமட்டும் அவனைக் கூப்பிட நான் இருக்கிறன். நான் செத்தாப்பிறகு அவன்ர பேரைச் சொல்ல ஆர் இருக்கினம்? நீங்கள் ஒருத்தரும் வீட்டில சொல்லுறேல்லையே."

வாசல்வரை அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தேன். வாசலில் மனைவி அழுதுகொண்டு நின்றாள். பொலிஸ்காரர்கள் அம்மாவின் கையைப் பிடித்துப் பார்த்து, குளிரைத் தவிர வேறொன்றும் இல்லை என்று சொல்லிப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் கோட்டைக் கழற்றி அம்மாவின் தோளில் போட்டுவிட்டு, என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தம்பியைப் பற்றி அவருக்கு நான் சொன்னது அதுதான் முதல் தரம். அம்மா அந்தக் கதையை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதையும் சொன்னேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

"உன் தம்பியின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

வேலிக்கு வெளியே, வண்டிப்பாதையில் நின்று, எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவனுடைய பெயரைச் சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார், பிழையாக வந்தது. அம்மா திருத்தினார். அவர் மறுபடி சொன்னார். 'ழ' அவருக்கு வரவேயில்லை. அம்மா நாக்கை எப்படி மடிப்பது என்று வாயைத் திறந்து காட்டினார். ஐந்தாறு தரம் முயன்றபின் ஓரளவுக்கு வந்தது. அம்மா தலையை அசைத்து, "காணும், இவ்வளவும் போதும்" என்றார்.

அதற்குப் பிறகு அம்மாவைத் தனியாகப் போக விடவில்லை. சனிக்கிழமைகளில் நான் கூட்டிப்போவேன். காட்டைப் பார்த்துக்கொள்ளும் தொண்டர்கள் களை பிடுங்க வருவார்கள், எந்தப் புல்லைப் பிடுங்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அம்மா அவர்களிடம் சைகையிலேயே கற்றுக்கொண்டார். களை பிடுங்கிக்கொண்டே தம்பியைப் பற்றிக் கதைப்பார். அவன் சைக்கிளில் விழுந்தது, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியது, அப்படிச் சின்னச்சின்ன விஷயங்கள். ஒரு சனிக்கிழமை அவர் கதைத்து முடித்தபின் நான் பதினைந்து வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன். நான் அந்தக் கடிதங்களை அனுப்பாமல் இருந்திருந்தால் அவன் அந்த பஸ்சில் ஏறியிருக்க மாட்டான் என்றேன்.

அம்மா கையிலிருந்த புல்லின் வேரில் மண்ணைத் தட்டினார்.

"எனக்குத் தெரியும் நீ இதைத்தான் யோசிக்கிறாய் எண்டு. உன்ர கடிதம் வராட்டிலும் அவன் ஒருநாள் வெளிக்கிட்டிருப்பான். இருக்கக்கூடிய இடமாவே அது இருந்தது?" அடுத்த புல்லைப் பிடித்தபடி, "ஆனா அண்டைக்குக் காலமை நான்தான் அவனைச் சாப்பிடச் சொல்லி மறிச்சனான். முதல் பஸ் போயிட்டுது" என்றார்.

அம்மா அந்தப் பாரத்தைத் தனியாகச் சுமந்துகொண்டு என்னோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார். நாங்கள் இருவரும் மதியம் வரை புல் பிடுங்கினோம்.

இரண்டாயிரத்து ஒன்பதில், ஊரில் போர் முடிந்த சில வாரங்களில் அம்மா காலமானார். செத்தவீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கோட்டும் டையும் கட்டி வந்து கடைசிவரை நின்றார். முப்பத்தோராம் நாள் கிரியையில் ஐயர் அப்பாவின் பெயரையும் அப்பாவின் தகப்பனின் பெயரையும் கேட்டு வாங்கினார். பிறகு, குடும்பத்தில் காலமானவர்கள் வேறு யாராவது இருந்தால் அவர்களுடைய பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். அவன் செத்ததாக யாரும் வந்து சொல்லவில்லை என்று, தம்பிக்கு எந்தக் கிரியையும் செய்ய அம்மா கடைசிவரை சம்மதிக்கவில்லை.

"வேற ஒருத்தரும் இல்லை ஐயா" என்றேன். அவர் தர்ப்பையை எடுத்து என் விரலில் மாட்டினார்.