நாளைக்குக் கச்சேரி

தவில்காரர் நாகேந்திரத்துக்குக் கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம். யாழ்ப்பாணத்தில் கப்பல் ஏறித் திருகோணமலை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பில் இறங்குவார். கொட்டாஞ்சேனையில் திருவிழா, வெள்ளவத்தையில் கல்யாணம் என்று இரண்டு மாதம் ஓடி ஓடி வாசிப்பார். ஊரில் மனைவி பாலேஸ்வரிக்கும் மூன்று பெண்களுக்கும் அடுப்பு எரிந்தது அந்தக் கையால்தான். "என்ர வலக்கை ஒரு தனி ஆள்" என்று சொல்லித் திரிவார். தலைக்கனம்தான். வாசிப்பைக் கேட்டவர்கள் அதை மன்னித்துவிடுவார்கள்.

தொண்ணூற்றேழில் ஒரு காலை, அவர் தங்கியிருந்த வெள்ளவத்தை லொட்ஜைப் பொலிஸ் சுற்றி வளைத்தது. ஆண்கள் எல்லோரையும் வரிசையில் விட்டுச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நாகேந்திரத்தின் தோளில் கருத்த தழும்பு ஒன்று நீளமாகக் கிடந்தது. எத்தனையோ வருடமாகத் தவில் வார் அழுத்திய தழும்பு. துவக்கு வாரும் அப்படித்தான் அழுத்தும், இவன் புலி என்று அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

"கொலம்ப மொகட்டத ஆவே?" பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் கேட்டான். கொழும்புக்கு ஏன் வந்தாய்?

தமிழ் தெரிந்தவன் ஒருவன் வரும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அந்த மனுஷனுக்கு அது எங்கே முடியும்! தேத்தண்ணிக் கடையிலும் பஸ்ஸிலும் பொறுக்கிய சிங்களம் நாக்கு நுனியில் நின்றது. நாளைக்குக் கொட்டாஞ்சேனையில் கச்சேரி, தவில் அடிக்க வந்தேன் என்று சொல்ல நினைத்தார். தவிலுக்கு மட்டும் சொல் வரவில்லை. அதை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னார்.

"ஹெட்ட கச்சேரிய. கஹன்ன ஆவே."

சிங்களவனுக்குக் கச்சேரி என்றால் பாட்டும் மேளமும் இல்லை. மாவட்டத்தை நிர்வகிக்கும் அரசாங்க அதிபரின் அலுவலகம். 'கஹன்ன' என்றால் அடிக்க. நாளைக்குக் கச்சேரி, அடிக்க வந்தேன் என்று தோளில் தழும்போடு ஒரு தமிழன் பொலிஸில் நின்று சொன்னால் என்ன நடக்கும்?

மணல் நிரப்பிய குழாயால் முதுகில் இறக்கினார்கள். எத்தனை பேர் வந்தீர்கள் என்று கேட்டார்கள். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில் என்று கணக்குப் பார்த்து, "ஹத்தர தெனெக்" என்றார். நாலு பேர். உண்மையைத்தான் சொன்னார், பாவி! அதற்கும் அடி விழுந்தது. தலையில் விழுந்ததைத் தாங்கிக்கொண்டவர், வலக்கையை மட்டும் கக்கத்துக்குள் செருகி ஒளித்தார். அதைப் பார்த்துத்தான் ஒருவன் கையை இழுத்துத் தரையில் வைத்துச் சப்பாத்துக் காலால் மிதித்தான். விரல்கள் முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

மத்தியானம் லொட்ஜ் மனேஜர் மீரா சாஹிப் தவிலைச் சுமந்துகொண்டு வந்து, இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். இன்ஸ்பெக்டர் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

"பெரகாரயெக்!"

மேளகாரன்! நிலையமே சிரித்தது. என்ன சிரிப்போ, நாசமாய்ப் போனவர்களுக்கு.

"வாசிச்சுக் காட்டச் செல்றார், அண்ணன். காட்டினா உட்டுருவாராம்" என்றார் மீரா சாஹிப். பிறகுதான் அந்தக் கையைப் பார்த்தார். "யா அல்லாஹ்!"

"காட்டுறன், தம்பி. நீங்க தவிலைப் பிடியுங்கோ."

தவில் அடிக்க விரலில் மாட்டும் கூடு வீங்கிய விரல்களில் ஏறவில்லை. வெறும் விரலால் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் கண் இருண்டது. நிறுத்தினால் பொய்க்காரன் என்பார்களே என்ற பயத்தில் தாளம் தப்பாமல் வாசித்தார். பொலிஸ்காரர்கள் கைதட்டினார்கள். மிதித்தவன் அதே காலால் தாளம் போட்டான்.

"தவ எகக்" என்றான் இன்ஸ்பெக்டர். இன்னும் ஒன்று.

நாகேந்திரம் இன்னும் ஒன்று வாசித்தார். பின்னேரம் விட்டுவிட்டார்கள். அந்த விரல்கள் பிறகு மடங்கவேயில்லை. அவருடைய கடைசி வாசிப்பைக் கேட்டவர்கள் அவரை அடித்தவர்கள்தான்.